பகலில் ஈனும் விலங்கு: அல்பாகா, லாமா இனப்பெருக்கமும் குட்டியின் முதல் நாளும்

அல்பாகா, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க உரோம விலங்கு. ஆடு மாடு வளர்த்துப் பழகியவர் ஓர் அல்பாகா பண்ணைக்குப் போனால், "இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும்?" என்றுதான் முதலில் கேட்பார். பசுவுக்கு 21 நாள். வெள்ளாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அல்பாகாவுக்கும் அதைவிடப் பெரிய உறவான லாமாவுக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. பருவத்துக்கு வந்துவிட்டேன் என்று பெட்டை கத்தாது, துள்ளாது, தீவனத்தை வெறுக்காது. கிடாவுடன் சேர்ந்து ஒரு நாள் கழிந்த பிறகுதான் அதன் சூலகத்திலிருந்து முட்டையே வெளிவரும். பூனைக்கும் முயலுக்கும் உள்ள வழக்கம் இது. மந்தையாக மேயும் வளர்ப்பு விலங்குகளில் ஒட்டகக் குடும்பத்துக்கே உரியது.

கிடா, பெட்டை என்று ஆட்டுக்காரர்களின் சொற்களை இங்கே கடன் வாங்கியிருக்கிறேன். இந்த விலங்குகளுக்குத் தமிழில் தனிச் சொல் உருவாகவில்லை. குட்டியை உலகெங்கும் 'கிரியா' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் குஞ்சு, குட்டி எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்தான் அது.

லாமாவும் அல்பாகாவும் ஆண்டிஸ் மலையின் 'புனா' எனப்படும் மேட்டு நிலத்தில், ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதனுக்குப் பழகியவை. பெரு, பொலிவியா நாடுகளின் இந்தப் புல்வெளியில் கோடையிலும் இரவில் உறைபனி விழும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, அப்போதுதான் பசும்புல். மற்ற மாதங்களில் காய்ந்த தட்டைதான். பகலில் தோலைச் சுடும் வெயில், சூரியன் இறங்கியதும் எலும்பைத் துளைக்கும் குளிர். சேர்க்கை, சினை, ஈற்று, முதல் பால் என்று இந்த விலங்கின் இனப்பெருக்கத்தில் நமக்கு விசித்திரமாகத் தெரிவதில் பெரும்பகுதி இந்த நிலத்தோடு பொருந்திப்போகிறது. இதே விலங்கை வேறு நிலத்துக்கு ஏற்றிச் செல்லும்போது குட்டிகளுக்கு வரும் சிக்கல்களில் சிலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

குவானாக்கோ என்ற காட்டு விலங்கிலிருந்து லாமா வந்தது. அல்பாகாவும் அதிலிருந்தே வந்தது என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். ஜேன் வீலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, அல்பாகாவின் மூதாதை மெல்லிய உடலும் மிக நுண்ணிய உரோமமும் கொண்ட விக்குன்யா என்று காட்டியது. நான்கு இனங்களுக்கும் 74 குரோமோசோம்கள்தான். அதனால் ஒன்றோடொன்று கலக்கும். கலப்புக் குட்டிகளும் மலடாவதில்லை. லாமாக் கிடாவுக்கும் அல்பாகாப் பெட்டைக்கும் பிறப்பதை ஆண்டிஸ் மக்கள் 'வாரிசோ' என்பார்கள். நம் காதுக்கு வாரிசு என்றே கேட்கும். ஒட்டகத்துக்கும் அதே 74 என்பதால், 1998-இல் துபாயில் ஒட்டகத்தையும் லாமாவையும் செயற்கைமுறைக் கருவூட்டலால் கலந்து 'காமா' என்ற குட்டியையும் பிறக்க வைத்தார்கள். அறிவியல் வேடிக்கையாக அது சுவையானது. பண்ணைக்காரருக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

கலப்பு எளிது என்பதே ஒரு விதத்தில் சாபமாகவும் ஆனது. பெருவின் தென்கோடியில் எல் யாரால் என்ற இடத்தில் 900 முதல் 1,000 ஆண்டுகள் பழைமையான லாமா, அல்பாகா உடல்கள் வறண்ட மண்ணில் கெடாமல் கிடைத்தன. அவற்றின் உரோமத்தை அளந்து பார்த்தால், இன்றைய மந்தைகளில் சாதாரணமாகக் காண்பதைவிட நுண்ணியதாகவும் ஒரே சீராகவும் இருக்கிறது. இன்காக்களுக்கு முன்பே அந்த அளவுக்குத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்தபின் மேய்ப்பர்களும் மந்தைகளும் கூட்டங்கூட்டமாக அழிந்தார்கள். எஞ்சியவை மலையுச்சிக்கு ஒதுங்கிக் கண்டபடி கலந்தன. கிடாவைப் பிரித்து, ஏடு எழுதி, உரோமத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்து இன்றைய வளர்ப்பாளர்கள் செய்வதில் பெரும்பகுதி, புதியதைக் கண்டுபிடிப்பதைவிடத் தொலைத்ததைத் தேடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சேர்க்கை முந்தி, முட்டை பிந்தி

கிடாவைப் பெட்டையிடம் விட்டதும் அது தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீண்ட கொரகொரப்பை எழுப்பத் தொடங்கும். சேர்க்கை முடியும்வரை அந்த ஒலி நிற்காது. பெட்டைக்குச் சம்மதம் என்றால் முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, ஒட்டகம் போல நெஞ்சு தரையில் படிய அமர்ந்துவிடும். பண்ணை வழக்கில் இந்த இருப்புக்கு 'குஷ்' என்று பெயர். நின்றபடி நொடிப்பொழுதில் முடியும் ஆட்டுச் சேர்க்கை அல்ல இது; சராசரியாக 20 நிமிடம், சில நேரம் முக்கால் மணிநேரம்கூட ஆகும். விந்தும் ஒரேயடியாக வராமல் அந்த நேரம் முழுக்கச் சிறிது சிறிதாகக் கருப்பையின் ஆழத்தில் இறங்குகிறது. ஏறக்குறைய 26 முதல் 30 மணிநேரம் கழித்து முட்டை வெளிவரும்.

சேர்க்கையின்போது ஏற்படும் உடல் உராய்வுதான் முட்டையைத் தூண்டுகிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1985-இல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்தில் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார்கள்: தூண்டுவது விந்து நீரில் உள்ள ஏதோ ஒரு பொருள். அது எது என்பது 2012-இல் தெளிவானது. கனடாவின் சஸ்காட்சவான் பல்கலைக்கழகத்தாரும் சிலி நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தபோது, நரம்புச் செல்கள் வளர உதவும் பழைய, நன்கு அறிந்த ஒரு புரதமே என்று கண்டார்கள். அது ரத்தத்தில் கலந்து மூளைக்கு எட்டி, அங்கிருந்து சூலகத்துக்கு உத்தரவு போகிறது.

இதனால் பண்ணையில் என்ன மாறுகிறது? செயற்கைமுறைக் கருவூட்டல் என்பது மாட்டுப் பண்ணையைப் போல இங்கே எளிதாக வேரூன்றவில்லை. விந்து பசைபோல இழுபடும். நீர்த்துப் பிரிக்கவே தனிப்பாடு. அதையும் தாண்டி, முட்டையைத் தூண்ட ஹார்மோன் ஊசி தனியாகப் போட வேண்டும். எனவே ஒரு நல்ல கிடாவின் வம்சம் உறையவைத்த விந்துக் குச்சிகளில் கண்டம் தாண்டிப் பரவுவதில்லை. கிடாவோ பெட்டையோ வண்டியேறிப் போக வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரே குட்டி என்பதும் இதோடு சேர்ந்தால், இந்த விலங்கில் இன முன்னேற்றம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பது விளங்கும். இரட்டைக் குட்டி மிக மிக அரிது.

சினை பிடித்ததா என்று பார்க்கும் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கிடாவைக் காட்டுவார்கள். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திசு, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். சினை இல்லையென்றால் அது பத்துப் பன்னிரண்டு நாளில் கரைந்துவிடும். பெட்டை மீண்டும் அமரும். சினையாக இருந்தால் ஓடும், உதைக்கும், காதைப் பின்னுக்கு மடித்து, இரைப்பையிலிருந்து பச்சையாக நாறும் சாற்றைக் கிடாவின் முகத்தில் துப்பும். துப்புவதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கரு கலைந்த பிறகும் அந்த மஞ்சள் திசு சில பெட்டைகளில் நீடித்து, சினைபோலவே ஏமாற்றும். அதனால் ஒரு மாதத்தில் ஸ்கேன், இரண்டு மாதம் தாண்டி இன்னொரு ஸ்கேன் என்பது நல்ல வழக்கம். முதல் வாரங்களில் கரு கலைவது இந்த விலங்குகளில் மற்றக் கால்நடைகளைவிட அதிகம். வலது, இடது இரு சூலகங்களிலிருந்தும் முட்டை சமமாக வந்தாலும், நூற்றுக்கு 98 சினைகள் கருப்பையின் இரு கிளைகளில் ஒன்றான இடது கொம்பில்தான் தங்கும். வலது சூலகத்து முட்டை என்றாலும் கரு இடப்பக்கம் நகர்ந்து வந்தே பற்றிக்கொள்ளும்.

பெட்டையை முதன்முதலாகச் சேர்க்க வயதைவிட உடம்பைப் பார்ப்பது மேல். வளர்ந்த எடையில் 60 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். நன்றாகத் தின்று வளர்ந்தவற்றில் இது 12 முதல் 18 மாதத்துக்குள் நடக்கும். கிடாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். பிறக்கும்போது அதன் ஆண்குறி மேலுறையோடு ஒட்டியிருக்கும். அது முழுதும் விடுபடப் பலவற்றில் இரண்டு, மூன்று வயதாகிவிடும். ஆசை முன்னதாகவே வந்துவிடுவது வேறு விஷயம்.

பதினொன்றரை மாதக் காத்திருப்பு

அல்பாகாவின் சினைக்காலம் சராசரியாக 335 முதல் 345 நாள். லாமாவுக்குச் சில நாள் கூடுதல். சராசரி என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். 320-ஆம் நாளில் ஈன்று நலமாக இருக்கும் குட்டிகளும் உண்டு, 370-ஐத் தாண்டி ஈனும் தாய்களும் உண்டு. நாள் தாண்டிவிட்டதே என்று ஊசி போட்டு ஈனவைப்பது இந்த விலங்கில் செய்யக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று. வயிற்றுக்குள் கடைசி வாரங்களில்தான் நுரையீரல் முதிர்கிறது. தாய் தின்று, அசைபோட்டு, கூட்டத்தோடு நடமாடுகிறது என்றால் நாட்காட்டியை மூடி வைத்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசி மூன்று மாதங்களில் சினைப்பெட்டை திடீரென்று தீவனத்தை விட்டு, படுத்து எழுந்து, உருண்டு, முனகினால் வெறும் வயிற்றுவலி என்று விடக்கூடாது. கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அல்பாகாவிலும் லாமாவிலும் இது அரிதான நோயல்ல. மருத்துவர் உடனே பார்த்தால், தாயைப் படுக்கவைத்து உருட்டியே பல நேரம் முறுக்கை எடுத்துவிட முடியும். மணிக்கணக்கில் தாமதித்தால் இரண்டு உயிரும் போகும்.

ஈனும் நேரம்தான் இந்த விலங்கின் பெரிய அதிசயம். காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் பெரும்பாலான குட்டிகள் பிறக்கின்றன. புனாவில் மாலையில் பிறந்த குட்டி ஈரத்தோடு உறைபனிக்குள் போகும். காலையில் பிறந்தது வெயிலில் உலர்ந்து, எழுந்து, வயிறு நிறைந்து, இரவுக்குத் தயாராகிவிடும். எந்தத் தாய் எந்த நேரத்தில் ஈன்றது என்பதை எண்ணற்ற இரவுகள் சலித்து எடுத்திருக்கின்றன. கடல்மட்டத்தில், மூடிய கொட்டகையில் வளரும் அல்பாகாகூட அந்த நேரத்தை மறப்பதில்லை. பண்ணைக்காரருக்கு இதனால் இரண்டு லாபம். ஒன்று, ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை. இரண்டு, நள்ளிரவில் ஒரு பெட்டை முக்கிக்கொண்டிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை மணி.

அன்று காலையில் தாய் கூட்டத்தைவிட்டு விலகி நிற்கும். சாணக்குவியலுக்கு அடிக்கடி போகும், ஒன்றும் வராது. மெல்ல முனகும். இந்த முதல் கட்டம் இரண்டு முதல் ஆறு மணிநேரம். பிறகு பனிக்குடம் உடைந்து, மூக்கும் இரண்டு முன்கால்களும் தெரியும். நின்றபடியேதான் பெரும்பாலும் ஈனும். தலையும் கழுத்தும் வெளியே வந்து, உடல் உள்ளே இருக்க, குட்டி சில நிமிடம் தலைகீழாகத் தொங்கும். பார்ப்பவருக்குப் பதறும். அப்போதுதான் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள நீர் தானாக வடிகிறது. அந்த நேரத்தில் இழுப்பது உதவியல்ல. முக்கத் தொடங்கி அரை மணிநேரமாகியும் ஒரு முன்னேற்றமும் இல்லை, அல்லது தலை மட்டும் வந்து கால் வரவில்லை, கால் மட்டும் வந்து தலை வரவில்லை என்றால் அப்போது காத்திருப்பது தவறு. இந்த வேலையின் திறமையே அந்த எல்லைக்கோட்டை அறிவதில்தான் இருக்கிறது.

நக்காத தாய்

மாடு ஈன்றதும் கன்றை நக்கிக் காயவைக்கும். ஆடும் அப்படியே. அல்பாகாத் தாய் குட்டியை முகர்ந்து, மூக்கால் உரசி, 'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகும், நக்காது. அதன் நாக்கு வாய்க்கு வெளியே அவ்வளவு நீளாது. நஞ்சுக்கொடியையும் தின்பதில்லை. புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத் தாய்க்குப் பாசமில்லை என்று முடிவுகட்டிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது உண்டு. உண்மையில் குட்டி தன்மேல் ஒரு மெல்லிய சவ்வைப் போர்த்திக்கொண்டே பிறக்கிறது. வெயிலிலும் காற்றிலும் அது காய்ந்து, காகிதம்போல உதிர்ந்துவிடும். வெயிலுள்ள நாளில் குட்டியைத் தொடாமல் விடுவதே நல்லது. குளிரிலோ மழையிலோ பிறந்தால் துண்டால் துடைத்து உலர்த்தலாம். ஆனால் தாயின் கண்முன்னே, மணம் மாறாமல், சீக்கிரம் செய்துவிட்டு விலகிவிட வேண்டும்.

அல்பாகாக் குட்டி 6 முதல் 8 கிலோ இருக்கும்; லாமாக் குட்டி 9 முதல் 14 கிலோ. ஐந்து கிலோவுக்குக் கீழே என்றால் அந்த அல்பாகாக் குட்டியின்மேல் தனிக்கண் வேண்டும். ஒரு மணிநேரத்துக்குள் எழுந்து விழுந்து எழும். இரண்டு மணிநேரத்துக்குள் நிற்கும். நான்கு மணிநேரத்துக்குள் காம்பைப் பிடித்திருக்க வேண்டும். குறைமாதக் குட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: காது நிமிராமல் மடிந்து தொங்கும், முன்பற்கள் ஈறுக்குள்ளேயே இருக்கும், கால் கணு தரையை நோக்கி இறங்கி நடக்கும், உரோமம் பட்டுபோல வழுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கும்போது திணறுகிறது என்றால் வேறொரு ஐயம் எழ வேண்டும். மூக்கின் பின்வழி பிறவியிலேயே அடைபட்டிருப்பது இவ்வினத்தில் அறியப்பட்ட குறை. அப்படிப் பிறந்ததன் பெற்றோரை மீண்டும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

தொப்புளைக் குளோர்ஹெக்சிடின் அல்லது அயோடின் கரைசலில் முக்கி எடுத்தால் கிருமி ஏறாது. நஞ்சுக்கொடி ஆறு மணிநேரத்துக்குள் விழுந்துவிடும். அதைத் தரையில் விரித்து, முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உள்ளே தங்கிய ஒரு துண்டு தாயின் அடுத்த சினையையே கெடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து வந்துவிடுகின்றன. அல்பாகாவின் நஞ்சுக்கொடி பல அடுக்குச் சுவர்; அந்தப் புரதங்கள் அதைத் தாண்டுவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் நாள் சீம்பால்தான் அதன் கவசம். அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடும் குடலின் கதவும் 24 மணிநேரத்தில் மூடிவிடும். முதல் ஆறு மணிநேரத்துக்குப் பிறகே திறப்பு சுருங்கத் தொடங்குகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 கிலோக் குட்டிக்கு 700 மில்லி, முதல் அரை நாளில் உள்ளே போயிருப்பது நல்லது. காம்பின் நுனியில் மெழுகுபோன்ற அடைப்பு இருக்கும். அதை நீக்கிவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். தாய்க்குச் சுரப்பில்லை என்றால் உறையவைத்து எடுத்துவைத்த ஆட்டுச் சீம்பாலோ மாட்டுச் சீம்பாலோ உதவும்.

குடித்ததுபோலத் தெரிவதும் குடித்திருப்பதும் ஒன்றல்ல. குட்டி காம்பைத் தேடித் தேடித் தாயின் தொடையைச் சப்பிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் நிறைவடைந்து போய்விடுவார். தராசு பொய் சொல்லாது. முதல் நாளில் சிறிது குறைந்தாலும் அதன்பிறகு தினமும் 100 கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும். ஐயமிருந்தால் 24 மணிநேரத்துக்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதிக்கலாம். ஒரு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. மிகக் குறைந்திருந்தால், கதவு மூடிவிட்டதால் சீம்பால் இனிப் பயன்படாது. வளர்ந்த அல்பாகாவின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை மருத்துவர் ஏற்றுவார்.

புட்டிப்பாலும் பைத்தியக் கிடாவும்

தாயை இழந்த குட்டிக்குப் புட்டிப்பால் தரும்போதுதான் மனிதர்கள் மிகுந்த அன்போடு மிகுந்த தீங்கைச் செய்கிறார்கள். வீட்டுக்குள் வைத்து, மடியில் போட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்த்த ஆண் குட்டி, மனிதரைத் தன் இனம் என்றே பதித்துக்கொள்கிறது. குட்டியாக இருக்கும்வரை அது கொஞ்சலாகத் தெரியும். இரண்டு வயதில் அது வளர்ந்த கிடா. கிடாக்கள் தமக்குள் எப்படிப் போட்டியிடுமோ அப்படியே மனிதரிடமும் நடக்கும்: நெஞ்சால் மோதித் தள்ளும், கழுத்தைப் போட்டு அழுத்தும், காலைக் கடிக்கும். அந்த வயதில் வளரும் சண்டைப்பற்கள் கத்திபோலக் கூர்மையானவை. 150 கிலோ லாமா ஒன்று இப்படித் திரும்பினால் உயிருக்கே ஆபத்து. வளர்ப்பாளர்கள் இதைப் பைத்தியக் கிடாக் கோளாறு என்ற பொருளில் அழைத்துவந்தார்கள். பைத்தியம் கிடாவுக்கு என்று சொல்வது அநியாயம் என்பது என் எண்ணம். அது கற்ற பாடத்தைத்தான் ஒப்புவிக்கிறது.

தீர்வு எளிது, மனதுக்குத்தான் கடினம். புட்டியை நீட்ட வேண்டும், குடித்ததும் போய்விட வேண்டும். குட்டி இரவும் பகலும் மந்தையோடுதான் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு பாலைப் பலமுறையாகப் பிரித்துக் கொடுப்பது, முதல் வாரங்களில் ஒருவரை முழுநேரமும் கட்டிப்போடும் வேலைதான். ஆனால் அந்த வேலையில் தடவலுக்கு இடமில்லை.

இடம் மாறியதால் வரும் நோய்க்கு நல்ல எடுத்துக்காட்டு வைட்டமின் டி. புனாவில் புற ஊதாக் கதிர் கடுமையானது. அடர்ந்த உரோமத்தைத் தாண்டியும் தோலுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதே விலங்கைத் தாழ்ந்த நிலத்தில், நீண்ட குளிர்காலமுள்ள நாட்டில் வளர்த்தால், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பிறந்த குட்டிகளின் எலும்பு வளைகிறது. கறுத்த உரோமமுள்ளவற்றில் இன்னும் அதிகம். குட்டி முதுகைக் கூனி, நடக்க மறுத்து, வளர்ச்சி நின்றுபோகும். ஊசியால் சரிசெய்யலாம், ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சு. இதைவிட நல்ல வழி, வெயில் காலத்தில் குட்டி பிறக்கும்படி சேர்க்கையைத் திட்டமிடுவதுதான். சினைப்பருவம் இல்லாத விலங்கில் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதர் கையில் இருக்கிறதே. ஆண்டிஸ் மேய்ப்பர்களோ மழைமாதங்களிலேயே சேர்க்கையை வைத்து, அடுத்த மழைக்குப் புல்லோடு குட்டியையும் வரவழைக்கிறார்கள். அவர்களுக்கு வேறு எதிரி. கிடைத்தரை சேறாகும் அந்த மாதங்களில் கிளாஸ்டிரிடியம் என்ற குடல் கிருமி, சில வாரக் குட்டிகளை ஒரே நாளில் வாரிக்கொண்டு போகும். இரவில் அடைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், முதல் நாள் சீம்பாலும்தான் அங்கே முதல் தடுப்பு.

குட்டி பிறந்து இரண்டு முதல் மூன்று வாரத்தில் தாயைக் கிடாவிடம் மறுபடி விடுவார்கள். அதற்கு முன்பு கருப்பை சுருங்கி ஆறியிருக்காது. அதிகம் தள்ளிப்போட்டால், பதினொன்றரை மாதச் சினையைச் சேர்த்துக் கணக்கிடும்போது ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற ஒழுங்கு தவறி, ஈற்று குளிருக்குள் நகரும். கணக்கு சரிதான். ஆனால் இதன் பொருள், ஒரு பெட்டை தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சினையாகவோ பாலூட்டியபடியோ, பல மாதம் இரண்டுமாகவோ கழிக்கிறது என்பது. உடல் இளைத்த தாய்க்கு ஓர் ஆண்டு ஓய்வு தரும் வளர்ப்பாளர் நஷ்டப்படுவதாக நான் நினைக்கவில்லை. குட்டியை ஐந்து, ஆறு மாதத்தில் பால் மறக்கவைப்பார்கள். அதற்குள் தாயின் வயிற்றில், இடது கொம்பில், அடுத்தது நான்கைந்து மாதம் வளர்ந்திருக்கும்.